இந்திய அணிக்கு அடுத்த பயிற்சியாளர் யார்? பெயர் சொல்வதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள்

2025 ஜூலையில் இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் பதவிக்கு 170 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் பார்சிலோனாவின் முன்னாள் வீரரும் பயிற்சியாளருமான சாவி பெயரும் இருக்கிறது என்று செய்தி கிளம்பியதும் தஞ்சாவூர், கும்பகோணம், காரைக்கால் என்று நம் பக்கத்துக் கால்பந்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே அமளி. சாவி வந்தால் இந்தியா உலகக் கோப்பைக்கே போய்விடும் என்கிற அளவுக்குப் பேச்சு வளர்ந்தது. பிறகு அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம், சாவி, கார்டியோலா பெயர்களில் வந்த மின்னஞ்சல்கள் உண்மையானவை அல்ல என்று அறிவித்தது. அமளி அடங்கிவிட்டது. ஆனால் இறுதிப் பட்டியலில் நிஜமாகவே இருந்த மூன்று பேரைப் பற்றி, அதாவது காலித் ஜமீல், ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், ஸ்டெஃபான் டார்கோவிச் பற்றி, பேசுவதற்கு அந்தக் குழுக்களில் யாரிடமும் சரக்கு இல்லை.

கிரிக்கெட் என்றால் நம் ஊர் டீக்கடையில் யாரை எந்த இடத்தில் இறக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் வாதாடுவார்கள். கால்பந்தில் அந்தப் பழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை. வர வேண்டும் என்பது என் ஆசை. புதிதாகக் கால்பந்து பார்க்கத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். அடுத்த முறை அந்த நாற்காலி காலியானால், ஒரு நோட்டும் கூடப் பேச இரண்டு மூன்று நண்பர்களும் இருந்தால் போதும். கீழே சொல்லும் வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்.

முதலில் நாட்களை எண்ணுங்கள்

கிளப் பயிற்சியாளருக்கு வீரர்கள் தினமும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள். காலையில் ஒன்றைச் சொல்லிக்கொடுத்து, அது சரிவரவில்லை என்றால் மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். தேசிய அணிப் பயிற்சியாளருக்கு அந்த வசதி கிடையாது. மார்ச், ஜூன், செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என்று ஃபிஃபா ஒதுக்கும் இடைவெளிகளில்தான் வீரர்கள் அவரிடம் வருவார்கள். ஒவ்வொன்றும் பத்து நாள் அளவுக்கு இருக்கும், அதற்குள் இரண்டு ஆட்டம். 2026 முதல் செப்டம்பரும் அக்டோபரும் சேர்ந்து ஒரே நீண்ட இடைவெளி ஆகின்றன. இந்த நாட்களுக்கு வெளியே வீரரை அனுப்பியே ஆக வேண்டும் என்று எந்தக் கிளப்புக்கும் கட்டாயமில்லை. பயண நாள், ஓய்வு நாள், ஆட்ட நாள் எல்லாம் கழித்துப் பார்த்தால் முதல் ஆட்டத்துக்கு முன் உருப்படியாக மூன்று அல்லது நான்கு நாள் பயிற்சி தேறும்.

கடைமடை விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வரும். ஆனால் முறைவைத்து நம் வாய்க்காலில் தண்ணீர் வருவது சில நாட்கள்தான். அந்த நாட்களுக்குள் உழவையும் நடவையும் பொருத்திக்கொள்ளத் தெரிந்தவர்தான் அந்தப் போகத்தில் கரையேறுவார். தேசிய அணியின் பயிற்சியாளர் வேலை கிட்டத்தட்ட அப்படிப்பட்டது.

அதனால் எந்தப் பெயர் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: நான்கு நாளில் இவரால் எதைச் சொல்லிக்கொடுக்க முடியும்? எதிரணியின் பாதியிலேயே பந்தைப் பறிக்கும் ஆட்டம், பின்களத்திலிருந்து குட்டிக் குட்டிப் பாஸ்களாக மேலே வரும் ஆட்டம் எல்லாம் பழக மாதங்கள் பிடிக்கும். "இந்திய அணியின் ஆட்ட பாணியையே மாற்றிக்காட்டுவேன்" என்று ஒருவர் பேட்டி கொடுத்தால், எந்த நாட்களில் மாற்றுவார் என்று நோட்டில் எழுதி வையுங்கள்.

இதற்கு முன்னுதாரணமாக பாப் ஹௌட்டன் பெயரை எடுப்பவர்கள் உண்டு. 2006 முதல் 2011 வரை இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்தார். 2007, 2009 நேரு கோப்பைகள், 2008 ஏஎஃப்சி சேலஞ்ச் கோப்பை, அதன் வழியாக 1984க்குப் பிறகு முதல்முறையாக ஆசியக் கோப்பை என்று நல்ல கணக்குதான். ஆனால் 2011 ஆசியக் கோப்பைக்கு முன் அவருக்கு நீண்ட முகாம்கள் கிடைத்தன. இன்றைய பயிற்சியாளருக்கு அது கனவு. 2025 ஆகஸ்டு கடைசியில் மத்திய ஆசிய நாடுகளின் போட்டியான காஃபா நேஷன்ஸ் கோப்பைக்கு, புதிதாகப் பதவிக்கு வந்த காலித் ஜமீல் அணியைக் கூட்டியபோது, போட்டி ஃபிஃபா இடைவெளிக்கு முன்பே தொடங்கியதால் கொல்கத்தா கிளப்பான மோகன் பகானின் வீரர்கள் இல்லாமல்தான் போனார்.

ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு காலண்டர் போடுங்கள். அடுத்த ஓராண்டில் எத்தனை இடைவெளி, யாரோடு ஆட்டம், உள்ளூரிலா வெளியூரிலா, எது தகுதிச்சுற்று, எது நட்பு ஆட்டம்.

பதவி ஏன் காலியானது?

முந்தையவர் எதனால் போனார் என்று தெரியாமல் அடுத்தவரிடம் என்ன எதிர்பார்ப்பது என்று சொல்ல முடியாது. இங்கே துரதிர்ஷ்டத்தையும் குறையையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

2024 ஜூன் 11 அன்று தோஹாவில் கத்தாருக்கு எதிராக லாலியன்சுவாலா சாங்தே அடித்த கோலில் இந்தியா முன்னிலையில் இருந்தது. இரண்டாம் பாதியில் பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனதை வீடியோவில் எல்லாரும் பார்த்தோம். அதை உள்ளே இழுத்து அடித்த கோலை நடுவர் செல்லும் என்றார். வீடியோ பார்த்துச் சரிபார்க்கும் விஏஆர் வசதி அங்கே இல்லை. இந்தியா 1-2 எனத் தோற்றது. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றின் மூன்றாம் கட்டத்துக்குப் போகும் வாய்ப்பு போனது, ஆறு நாளில் அப்போதைய பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சும் நீக்கப்பட்டார். இதை மட்டும் பார்த்தால் பாவம் மனிதர் என்று தோன்றும். ஆனால் அதே ஆண்டு ஜனவரியில் ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா மூவரிடமும் ஒரு கோல்கூட அடிக்காமல் தோற்றோம். மார்ச்சில் குவாஹாட்டியில் ஆஃப்கானிஸ்தானிடம் தோற்றோம். அவர் போன பிறகும் அந்த ஆண்டு விடியவில்லை. 2024 முழுக்க இந்தியா ஆடிய 11 ஆட்டங்களில் வெற்றி எதுவும் இல்லை, அடித்தது 4 கோல்.

இந்த எண்கள் சொல்வது என்ன? நடுவரின் தவறு ஒரு ஆட்டத்தைப் பறித்தது உண்மை. கோல் அடிக்க முடியாத நோய் அதற்கு முன்பிருந்தே இருந்தது. எனவே அப்போது தேட வேண்டியது கோலுக்கு வழி கண்டுபிடிக்கத் தெரிந்த ஆளை. காலியான காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதுதான் நீங்கள் தேடும் ஆளுக்கான விளம்பரம்.

கையில் யார் இருக்கிறார்கள்?

தேசிய அணிக்கு ஆளை விலைக்கு வாங்க முடியாது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களை வைத்துத்தான் ஆட வேண்டும். ஆகவே வீரர் பட்டியலைப் போடாமல் பயிற்சியாளரைத் தேடுவது வீண். கோல்கீப்பர் மூவர், டிஃபென்ஸில் எட்டுப் பேர், நடுக்களத்தில் எட்டுப் பேர், முன்களத்தில் நான்கு பேர் என்று எழுதிப் பாருங்கள். கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிடும். இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கிளப்புகள் பெரும்பாலும் வெளிநாட்டவரையே நடு முன்கள வீரராக இறக்குகின்றன. அந்த இடத்தில் வாராவாரம் ஆடிப் பழகிய இந்தியர்கள் மிகக் குறைவு. 2024 ஜூனில் ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை 2025 மார்ச்சில், 40 வயதில், திரும்பக் கூப்பிட்டதற்கும் காரணம் இதுதான். வந்த முதல் ஆட்டத்திலேயே ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராகக் கோல் அடித்தார். அவருடைய மனவுறுதிக்கு ஒரு சல்யூட். அவருக்கு அடுத்து யார் என்று அந்தப் பக்கத்தைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது.

இல்லாததைச் சமாளிக்கத் தெரிந்த பயிற்சியாளர் எப்படி இருப்பார் என்று பார்க்க நம் வரலாற்றுக்கே போகலாம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம், ஹைதராபாத்தில் ஆசிரியராக இருந்தவர். 1951இல் டெல்லியில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் என்று ஏற்கெனவே பெயர் எடுத்தவர். ஜகார்த்தாவில் அவருடைய நம்பிக்கையான டிஃபெண்டர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். பின்களத்தில் தலையால் பந்தை முட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு அவர் சரிப்பட மாட்டார். ரஹீம் அவரை உட்கார வைக்கவில்லை. அரையிறுதியிலும் இறுதியிலும் நடு முன்களத்தில் நிறுத்தினார். இறுதியில் தென்கொரியாவுக்கு எதிராக இந்தியா அடித்த இரண்டு கோல்களில் ஒன்று ஜர்னைல் சிங்குடையது, மற்றது பி.கே. பானர்ஜியுடையது. 2-1, தங்கம். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப் பிறகு நாம் தங்கம் தொடவில்லை.

உள்ளூர்க்காரரா, வெளிநாட்டவரா?

அதிகம் சண்டை நடக்கும் இடம் இது. 2022 வரை நடந்த ஆண்கள் உலகக் கோப்பைகளில் ஒன்றைக்கூட வெளிநாட்டுப் பயிற்சியாளர் வைத்திருந்த அணி வென்றதில்லை. இதை உள்ளூர்க் கட்சிக்காரர்கள் எடுத்து நீட்டுவார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் ஜெர்மானியரான ஓட்டோ ரேஹாகல் 2004இல் கிரீஸுக்கு யூரோ கோப்பை வாங்கிக்கொடுத்ததைச் சொல்வார்கள். இரண்டும் உண்மை, ஆனால் இரண்டாலும் நம் கேள்விக்கு விடை கிடைக்காது. பிரேசில், ஜெர்மனி, இத்தாலியில் நல்ல பயிற்சியாளர்கள் வரிசையில் நிற்பார்கள், வெளியே தேட வேண்டிய அவசியமே பெரும்பாலும் வந்ததில்லை. அப்படிப்பட்ட பிரேசிலே 2025 மே மாதம் இத்தாலியரான கார்லோ ஆன்செலோட்டியைக் கூப்பிட்டது.

எனக்கு இதில் ஒரு சாய்வு உண்டு, மறைக்கவில்லை. வருடத்துக்குச் சில நாள்தான் கிடைக்கும் என்றால், வீரர்களை ஏற்கெனவே அறிந்தவருக்கு நான் முன்னுரிமை கொடுப்பேன். லியோனல் ஸ்கலோனியைப் பாருங்கள். 2018இல் அர்ஜென்டினா அவரைத் தற்காலிகமாகத்தான் உட்கார வைத்தது, அதற்கு முன் எந்தப் பெரிய அணிக்கும் அவர் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. 2021 கோபா அமெரிக்கா, 2022 உலகக் கோப்பை, 2024 கோபா மூன்றையும் வென்றார். ஸ்பெயினின் லூயிஸ் டி லா ஃபுவென்டே இளையோர் அணிகளிலிருந்து மேலே வந்து 2024 யூரோவை வென்றார். வலீத் ரெக்ராகுய் மொராக்கோவை ஏற்றது 2022 ஆகஸ்டு கடைசியில், உலகக் கோப்பைக்கு மூன்று மாதம்கூட இல்லை. முந்தைய பயிற்சியாளரோடு முறைத்துக்கொண்டு ஒதுங்கியிருந்த வீரர் ஹக்கிம் ஜியெச்சைத் திரும்ப அழைத்தார். அரையிறுதி வரை போன முதல் ஆப்பிரிக்க அணி அது.

வெளியிலிருந்து வருபவரை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருக்குப் பக்கத்தில் இந்திய லீக்கை விரல் நுனியில் வைத்திருக்கும் ஓர் உதவிப் பயிற்சியாளர் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் முதல் வருடம் பெயர்களை மனப்பாடம் செய்வதிலேயே போய்விடும்.

தகுதித் தாளை வாசிப்பது

பயிற்சியாளர்களுக்கான மிக உயர்ந்த சான்றிதழான ப்ரோ லைசென்ஸ் இருக்கிறதா என்பது முதல் வடிகட்டல். அதற்கு மேல் நேரம் செலவழிக்க வேண்டாம், இறுதிப் பட்டியலுக்கு வருபவர்களிடம் அது இருக்கும்.

வீரராக அவர் என்ன சாதித்தார் என்பதில் மயங்காதீர்கள். ஸ்டிமாச் 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த குரோஷிய அணியில் ஆடியவர். அந்தப் பதக்கம் இந்தியாவுக்குக் கோல் அடித்துத் தராது. பயிற்சியாளராக, குறைந்த வசதியில் என்ன செய்தார் என்று தேடுங்கள். காலித் ஜமீல் விஷயத்தில் அந்தத் தேடலுக்குப் பலன் உண்டு. அப்போது நாட்டின் முதன்மை லீக்குகளில் ஒன்றாக இருந்த ஐ-லீக்கை 2016-17இல் ஐஸால் எஃப்சியோடு வென்றவர். அதற்கு முந்தைய பருவத்தில் கீழே இறங்கி, பிறகு மீண்டும் லீக்கில் சேர்த்துக்கொள்ளப்பட்ட மிசோரம் அணி அது. கொல்கத்தாவின் பணக்காரக் கிளப்புகளை அது முந்தியது.

ஃபிஃபா தரவரிசை முன்னேற்றத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். கான்ஸ்டன்டைன் இந்தியப் பயிற்சியாளராக இரண்டாம் முறை வந்த புதிதில், 2015 மார்ச்சில், இந்தியா 173ஆம் இடத்தில் இருந்தது. 2017 ஜூலையில் 96. பெரிய ஏற்றம்தான், பாராட்ட வேண்டும். ஆனால் அந்த இடைவெளியில் யார் யாரோடு ஆடினார்கள் என்று ஒருமுறை பட்டியலைப் பாருங்கள்.

அப்புறம், மிக முக்கியமான வேலை: அவர் நடத்திய ஒரு முழு ஆட்டத்தை, ஹைலைட்ஸ் இல்லாமல், 90 நிமிடமும் பாருங்கள். உதாரணத்துக்கு, கான்ஸ்டன்டைன் காலத்து ஆசியக் கோப்பையில் 2019 ஜனவரி 14, ஷார்ஜாவில் இந்தியா – பஹ்ரைன். தாய்லாந்தை 4-1 என அடித்துவிட்டு, ஐக்கிய அரபு அமீரகத்திடம் தோற்ற பிறகு வந்த ஆட்டம். டிரா செய்தாலே அடுத்த சுற்று. ஆரம்ப நிமிடங்களிலேயே டிஃபெண்டர் அனஸ் எடத்தொடிக்கா காயத்தோடு வெளியேற, சலாம் ரஞ்சன் சிங் உள்ளே வருகிறார். இருந்த மூன்று மாற்றில் ஒன்று அங்கேயே போயிற்று. அதற்குப் பிறகு பயிற்சியாளர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அணி எவ்வளவு பின்னால் போய் நிற்கிறது? பந்தைப் பறித்ததும் முன்னால் ஓட யாராவது இருக்கிறார்களா, அல்லது அடித்துத் தூர எறிந்துவிட்டு அடுத்த அலைக்குக் காத்திருக்கிறார்களா? கடைசி இருபது நிமிடத்தில் மாற்று வீரரை எதற்காக இறக்குகிறார்? 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தில் பெனால்டி பெட்டிக்குள் ஒரு ஃபவுல், பெனால்டி, 0-1. ஆட்டம் முடிந்ததும் கான்ஸ்டன்டைன் பதவி விலகினார். கடைசி நிமிடப் பெனால்டியைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். அதற்கு முந்தைய அரை மணி நேரம் அணி எங்கே நின்றது என்பது பயிற்சியாளரின் கணக்கில்தான் சேரும். இப்படி ஒவ்வொருவருக்கும் தோற்ற ஆட்டம் ஒன்று, ஜெயித்த ஆட்டம் ஒன்று பார்த்தால் பேட்டிகளெல்லாம் தேவையே இல்லை.

ஒப்பந்தம்

ரசிகர்கள் இதைப் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டும். ஸ்டிமாச்சின் ஒப்பந்தம் 2026 வரை நீட்டிக்கப்பட்டிருந்தது. 2024இல் நீக்கியபோது பிரச்சினை முற்றி, கடைசியில் 4 லட்சம் டாலர் கொடுத்து முடித்தார்கள். இளையோர் லீக்குக்குப் போக வேண்டிய பணம் என்று நினைத்தால் மனது பொறுக்கவில்லை. எத்தனை ஆண்டு, எந்த முடிவு வராவிட்டால் விலக்கலாம், முழுநேரமா பகுதிநேரமா என்ற மூன்றையும் செய்தியில் தேடுங்கள். ஸ்டிமாச்சுக்குப் பின் வந்த மனோலோ மார்க்கெஸ் 2024-25இல் எஃப்சி கோவாவையும் சேர்த்தே பார்த்துக்கொண்டார். நல்ல பயிற்சியாளர், ஆனால் அந்த ஏற்பாட்டில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு வெற்றியோடு 2025 ஜூலையில் விலகினார்.

பயிற்சியாளரைச் சம்மேளனத்தின் தொழில்நுட்பக் குழு பரிந்துரைக்கும், செயற்குழு முடிவெடுக்கும். 2025இல் அந்தத் தொழில்நுட்பக் குழுவுக்குத் தலைவர் முன்னாள் இந்திய வீரர் ஐ.எம். விஜயன். குழு சொன்ன காரணத்தைச் செய்தியில் தேடி, உங்கள் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வந்த பிறகு

முதல் இரண்டு ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். 2012க்குப் பிறகு முழுநேரப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியரான காலித் ஜமீல், காஃபா கோப்பையில் தஜிகிஸ்தானை வென்று, ஓமனைப் பெனால்டியில் தாண்டி மூன்றாம் இடம் வாங்கிக்கொடுத்தார். எல்லாரும் கொண்டாடினோம். அக்டோபரில் சிங்கப்பூரிடம் கோவாவில் 1-2, நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1. 2027 ஆசியக் கோப்பை கைநழுவியது. அந்தப் பருவத்தில் ஐஎஸ்எல் வழக்கமான நேரத்தில் தொடங்கவே இல்லை என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். லீக் ஆடாத கால்களை வைத்து யார் வந்தாலும் திணறத்தான் செய்வார்கள்.

நம் ஊர் அணிக்கு

இதே நோட்டைக் கிளப்புக்கும் மாவட்ட அணிக்கும் பயன்படுத்தலாம். ஈஸ்ட் பெங்கால் 2003இல் ஆசியான் கிளப் கோப்பையை வென்றபோது அந்த அணியில் ஆடிய காலியா குலோத்துங்கன் தஞ்சாவூர்க்காரர். 2018இல் சாலை விபத்தில் போய்ச் சேர்ந்தார். அவரைப் போல் இன்னொருவர் நம் மண்ணிலிருந்து வர வேண்டுமானால், கிளப்பில் யார் சொல்லிக்கொடுக்கிறார் என்பதில் நாம் அக்கறை காட்டியாக வேண்டும்.

இங்கேயும் நாட்களை முதலில் எண்ணுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் மைதானம் சேறு. பாதிப் பையன்கள் திருப்பூரிலும் சென்னையிலும் வேலைக்குப் போயிருப்பார்கள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவார்கள். பொங்கல் போட்டிக்கு முன் முழு அணியும் சேர்ந்து பயிற்சி எடுப்பது நான்கைந்து மாலை என்றால், அந்த நான்கைந்து மாலைக்குத் திட்டம் வைத்திருப்பவரைப் பிடியுங்கள். பள்ளியில் பி.டி. சார் ஒருவர் பையன்களை ஆறாம் வகுப்பிலிருந்து பார்த்திருந்தால், வெளியூரிலிருந்து வரும் பெயர் பெற்ற பழைய வீரரைவிட அவரே மேல். டி லைசென்ஸ் பயிற்சிக்கு அவரைக் கிளப் செலவில் அனுப்பிவையுங்கள்.

ஒப்பந்தம் இங்கே ஒரு தாள் போதும். மதிப்பூதியம் எவ்வளவு, எந்த நாட்கள், பந்து, கோன், முதலுதவிப் பெட்டிக்கு யார் செலவு என்று எழுதுங்கள். நம் ஊரில் பயிற்சியாளர்கள் கோபித்துக்கொண்டு போவது பெரும்பாலும் ஒரே காரணத்துக்காகத்தான்: ஜெர்சிக்குப் பணம் கொடுத்தவர் தன் அண்ணன் மகனைப் பதினொருவரில் சேர்க்கச் சொல்வார். ஆகவே அணித் தேர்வு பயிற்சியாளர் கையில் மட்டும் என்ற வரியைத் தாளின் மேலேயே எழுதி, பணம் கொடுப்பவர், தலைவர், செயலாளர் மூவரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டு, அதற்குப் பிறகு பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள்.